சாதி நாயும் தெரு நாயும்: மாநில நாய் யாருக்கு வேண்டும்?

(திண்டிவனத்தில் நடந்த ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



‘தமிழ்நாட்டுக்கு ஒரு மாநில நாய் வேண்டுமா?’ என்பது எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. வேலை வெட்டி இல்லாதவர் பேசுகிற தலைப்பு மாதிரி தெரியும். பஞ்சமி நிலம் இருக்கிறது, மேல்பாதிக் கோயில் இருக்கிறது, இடஒதுக்கீட்டில் நிரப்பாத பணியிடம் இருக்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு நாயைப் பற்றிப் பேச வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுங்கள். நாயைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சாதியில்தான் வந்து நிற்போம். இந்த நாட்டில் எதைத் தொட்டாலும் அப்படித்தான்.

நம் மாநிலத்துக்கு ஒரு விலங்கு இருக்கிறது, வரையாடு. பறவை மரகதப்புறா. மரம் பனை. பூ செங்காந்தள். 2019-ல் ஒரு பட்டாம்பூச்சியையும் சேர்த்தார்கள். அதற்குத் தமிழில் ‘தமிழ் மறவன்’ என்று பெயர். மறவன் என்றால் வீரன். நல்லது. பட்டாம்பூச்சிக்கு வீரன் பெயர் கிடைத்ததை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு இதற்குத் திரும்பி வருகிறேன்.

இந்தப் பட்டியலில் நாய் இல்லை. ஆனால் ஆசை இருக்கிறது. 2005-ல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது, அதில் ஒன்று ராஜபாளையம். 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் பேசும்போது ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று நம் நாய்களின் பெயர்களைச் சொன்னார். அதற்குப் பிறகு குட்டிகளுக்குக் கிராக்கி கூடியது. நாட்டின நாயை வளர்ப்பது இன்று தமிழ்ப் பெருமையாகிவிட்டது. ஜல்லிக்கட்டுக் காளைக்குப் பிறகு நாய். இதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மாநில நாய் என்று அறிவித்தால் என்ன என்று படித்த இளைஞர்களே கேட்கிறார்கள். கேட்பவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. அதனால்தான் பேச வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் இது பழைய பழக்கம். மேரிலாந்து மாநிலம் 1964-ல் தனக்கென்று ஒரு நாயை அறிவித்தது. வர்ஜீனியா 1966-ல் நரி வேட்டை நாயைத் தேர்ந்தெடுத்தது. நரி வேட்டை யாருடைய பொழுதுபோக்கு? பண்ணை வைத்திருந்த வெள்ளை முதலாளிகளுடையது. அடிமைகளை வைத்துப் புகையிலை விளைவித்த ஜார்ஜ் வாஷிங்டனே அந்த நாய்களை வளர்த்தவர்தான். அதே தென்மாநிலங்களில் தப்பி ஓடிய கறுப்பின அடிமைகளைப் பிடிப்பதற்கென்றே மோப்ப நாய்களைப் பழக்கினார்கள். 1963-ல் பர்மிங்காம் நகரத்தில் சம உரிமை கேட்டு ஊர்வலம் போன கறுப்பினப் பிள்ளைகள் மீது போலீஸ் நாய்களை ஏவியதை உலகமே படத்தில் பார்த்தது. நாய் மீது குற்றமில்லை. கயிறு யார் கையில் இருந்தது என்பதுதான் கேள்வி. ஒரு மாநிலம் ஒரு நாயைத் தன் அடையாளம் என்று சொல்லும்போது, அந்தக் கயிறு பிடித்த கையையும் சேர்த்தே அடையாளம் ஆக்குகிறது.

நம் நாய்களுக்கு வருவோம். ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் விருதுநகர் பக்கம். கோம்பை தேனிப் பக்கம். கன்னியும் தெற்கத்தி நாய்தான். பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்ததால் கன்னி என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். ராஜபாளையமும் கோம்பையும் காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும். சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் வேட்டைக்கு. பாளையக்காரர்கள், ஜமீன்கள், நிலக்கிழார்கள் வளர்த்தவை என்பதை இந்த நாய்களைப் பற்றிப் பெருமையாகப் பேசுபவர்களே சொல்கிறார்கள். நிலம் வைத்திருந்தவனுக்குத்தான் காவல் நாய் தேவை. காவல் யாரிடமிருந்து? பசித்த வயிற்றோடு வயல் ஓரமாகப் போனவனிடமிருந்து. அவன் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பாருங்கள், நான்கில் ஒன்றுகூட நம் தென்னார்க்காட்டு நாய் இல்லை. விழுப்புரத்துக்கென்று ஒரு நாய் இனம் கிடையாது, திண்டிவனத்துக்கும் கிடையாது. இதில் நமக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. நம் பக்கத்து இருளர் குடியிருப்புகளில் எலி பிடிக்கப் போகும்போது கூடவே ஓடுகிற நாய்க்கு எந்த இனப் பெயரும் கிடையாது. வேலை தெரியும், அவ்வளவுதான். ராஜபாளையம் நாய்க்கு அதன் அப்பன், பாட்டன், முப்பாட்டன் பெயரெல்லாம் போட்டு கென்னல் கிளப்பில் சான்றிதழ் வாங்கலாம். நம் இருளர் பிள்ளைகள் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டுப் பழங்குடிச் சான்றிதழுக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்தார்கள். இதே திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் அதற்காக எத்தனை மனு, எத்தனை போராட்டம் நடத்த வேண்டியிருந்தது என்று உங்களுக்குத் தெரியும். நாயின் பிறப்பை நம்புகிற சமூகம் மனிதனின் பிறப்புக்குச் சாட்சி கேட்கிறது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். விலை கொடுத்து வாங்குகிற நாயை நம் ஊரில் எப்படிச் சொல்கிறோம்? ‘ஜாதி நாய்’ என்கிறோம். “தெரு நாய் இல்லைங்க, இது ஜாதி நாய்” என்று பெருமையாகச் சொல்கிறார்கள். சாதி குதிரை, சாதி மல்லி, சாதி நாய். நல்லது, உயர்ந்தது, கலக்காதது என்பதற்கெல்லாம் நம் மொழியில் சாதி என்ற ஒரே சொல்லைப் போட்டு வைத்திருக்கிறார்கள். இனம் என்றும் ரகம் என்றும் சொல்லலாம். ஆனாலும் வாயில் வருவது சாதி. சாதி இருந்தால் மதிப்பு, சாதி இல்லாவிட்டால் தெரு. இதைவிடத் தெளிவாக மனுதர்மத்தைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க முடியாது.

சாதி நாய் எப்படி உருவாகிறது? வேண்டிய நிறம், வேண்டிய உயரம், வேண்டிய மூக்கு உள்ள நாய்களை மட்டும் இணை சேர விடுவது. மற்றவற்றைத் தள்ளிவிடுவது. லண்டனில் 1873-ல் கென்னல் கிளப் தொடங்கிய பிறகு இதற்கு ஒரு பதிவேடு வந்தது. பதிவேட்டில் இருப்பதற்குள்தான் பெண் எடுக்கலாம், பெண் கொடுக்கலாம். நமக்குப் பழக்கமான ஏற்பாடுதான். அகமணம் என்று இதைத்தான் அண்ணல் சொன்னார். சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது என்று 1916-லேயே, இருபத்தைந்து வயதில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கட்டுரை வாசித்துச் சொன்னார்.

இப்படித் தூய்மை பார்த்து வளர்த்ததன் பலன் என்ன? ராஜபாளையம் நாய் பால் வெள்ளையாக, இளஞ்சிவப்பு மூக்கோடு இருக்க வேண்டும் என்பது அழகு இலக்கணம். அந்த வெள்ளைக்காகவே தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து இணை சேர்த்தார்கள். விளைவு, அந்த இனத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் நிறையப் பிறக்கின்றன. நிறமி இல்லாத வெள்ளைத் தோலுக்கும் உள்காதுக் கோளாறுக்கும் தொடர்பு இருப்பதை மருத்துவம் சொல்கிறது. காவல் காக்க வேண்டிய நாய்க்குக் காது கேட்கவில்லை! தூய்மை என்ற பைத்தியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

‘சாதியை ஒழிக்கும் வழி’ நூலில் அம்பேத்கர் இந்த வாதத்தை நேராகவே எதிர்கொண்டார். சாதி என்பது ரத்தத் தூய்மையைக் காப்பாற்றும் ஏற்பாடு என்று அந்தக் காலத்தில் சிலர் விஞ்ஞானம் பேசினார்கள். அவர் கேட்டார்: பஞ்சாபுப் பார்ப்பனருக்கும் பஞ்சாபுச் சமாருக்கும் இனத்தால் என்ன வேறுபாடு? சென்னைப் பார்ப்பனரும் சென்னைப் பறையரும் ஒரே இனம்தானே? சாதி உண்மையிலேயே ஆளை மேம்படுத்தும் என்றால், இந்த நாட்டு மக்கள் ஏன் இப்படி நோஞ்சானாக, படைக்கு ஆகாதவர்களாக இருக்கிறார்கள் என்றும் கேட்டார். அது 1936. இன்றைக்கும் திருமணத் தகவல் மையங்களில் உட்பிரிவு வரைக்கும் கேட்டு வாங்குகிறவர்களிடம் இதற்குப் பதில் இல்லை.

நாய்ச் சந்தையில் இன்னொரு சொல் இருக்கிறது, ‘கலப்பு’. “இது சுத்தம் இல்லை, கலப்பு” என்றால் விலை பாதியாகக் குறையும். அந்தச் சொல்லைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். கலப்புத் திருமணம் என்று அரசு ஆணையிலேயே எழுதுகிறார்கள். இரண்டு மனிதர்கள் சேர்வதைக் கலப்பு என்று சொல்ல வேண்டுமானால், அவர்கள் இரண்டு வேறு இனம் என்று முதலில் நம்பியிருக்க வேண்டும். நம் இயக்கங்கள் ‘சாதி மறுப்புத் திருமணம்’ என்று சொல்வது அதனால்தான். இது வெறும் சொல் விவகாரம் என்று நினைக்காதீர்கள். நம் பழைய தென்னார்க்காட்டு மண்ணில், விருத்தாசலத்துக்குப் பக்கத்தில், 2003-ல் கண்ணகியையும் முருகேசனையும் காதிலும் மூக்கிலும் நஞ்சு ஊற்றிக் கொன்று எரித்தார்கள். தீர்ப்பு வர 2021 ஆனது. பெற்ற பெண்ணைக் கொல்ல அவர்கள் கையில் தைரியம் கொடுத்தது எது? ரத்தம் கெட்டுவிடும் என்ற நினைப்பு. நாய் வளர்ப்பவனின் நினைப்பு அது. அதை மனிதர்களிடம் கொண்டு வந்தால் கொலையில்தான் முடியும்.

சரி, சாதி நாய் வேண்டாம், தெரு நாயையே மாநில நாயாக்கலாமே என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. இந்தத் துணைக்கண்டம் முழுக்க இருக்கிற நாய் அது. எந்த ஜமீனும் வளர்க்காதது. வெயிலுக்கும் மழைக்கும் பழகியது. அதற்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் தெரியுமா? ‘பறையா டாக்’. அகராதியில் இருக்கிறது, கலைக்களஞ்சியத்தில் இருக்கிறது, விலங்கியல் நூல்களில் இருக்கிறது. யாருக்கும் சொந்தமில்லாத, யாரும் தொடாத, எச்சில் தின்று திரிகிற நாய்க்கு வெள்ளைக்காரன் நம் பெயரை வைத்தான். வைக்கச் சொல்லிக் கொடுத்தது இங்கிருந்த துபாஷிகளும் ஊர்ப் பெரியவர்களும்தானே? இங்கே காதில் விழுந்ததைத்தான் அவன் எழுதினான். நாயோடு நிற்கவில்லை. குப்பைமேட்டில் வட்டமிடுகிற பருந்துக்கும் ‘பறையா கைட்’ என்று பெயர் வைத்தான். பட்டாம்பூச்சிக்கு வீரன் பெயர் என்றேன் அல்லவா? அழகான உயிருக்கு வீரன் பெயர், குப்பையில் மேய்கிற உயிருக்கு நம் பெயர்.

இன்றைக்கும் ஆங்கில நாளிதழ்களில் ஒரு நாட்டை மற்ற நாடுகள் ஒதுக்கி வைத்தால் ‘பறையா ஸ்டேட்’ என்று எழுதுகிறார்கள். எழுதுபவர் நம் ஊரில் படித்தவராகக்கூட இருப்பார். பறை என்ற இசைக்கருவியிலிருந்து வந்த பெயர், உலக மொழியில் ‘தீண்டத்தகாதவன்’ என்ற பொருளாகி உட்கார்ந்துவிட்டது. மாக்ஸ் வெபரும் ஹன்னா ஆரெண்டும் யூதர்களின் நிலையைச் சொல்ல அந்தச் சொல்லைத்தான் எடுத்தார்கள். தத்துவத்துக்கும் உவமை நாம்தான், நாய்க்கும் உவமை நாம்தான்.

நம் முன்னோர்கள் இந்தப் பெயரோடு மல்லுக்கட்டியவர்கள். மதுராந்தகத்துக்குப் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். எந்தப் பெயரால் இழிவு செய்கிறாயோ அதே பெயரைத் தலைப்பில் போட்டு உன்னோடு பேசுகிறேன் என்ற துணிச்சல் அது. 1907-ல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் வேறு வழியில் போனார். அது எதிரிகள் சுமத்திய பெயர், நாம் பூர்வ பௌத்தர்கள் என்றார். இருவரும் எதிரெதிராகப் பேசியது போலத் தெரியும். ஆனால் இருவருக்கும் அடிப்படை ஒன்றுதான்: எனக்கு என்ன பெயர் என்பதை நான்தான் முடிவு செய்வேன். 1922-ல் எம்.சி. ராஜா சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டு வந்து, அரசுப் பதிவேடுகளில் பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்று எழுத வைத்தார். நூறு ஆண்டு தாண்டிவிட்டது. அரசு பதிவேட்டில் மனிதனுக்கு மாற்றிய பெயர், ஆங்கில அகராதியில் நாய்க்கு இன்னும் மாறவில்லை. நாய் ஆர்வலர்கள் சிலர் இப்போது ‘இண்டாக்’ என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள். வரவேற்கிறேன். ஆனால் பழைய பெயர் தவறு என்று சொல்லி மாற்ற வேண்டும். சத்தமில்லாமல் மாற்றிவிட்டால் செய்த தப்பு மறைந்துபோகும்.

“நாய்க்கு வைத்த பெயர்தானே, இதற்கு இவ்வளவு கோபமா?” என்பார்கள். நாயை வைத்து நம்மை நடத்திய வரலாறு தெரியாமல் கேட்கிற கேள்வி அது. சண்டாளர் ஊருக்கு வெளியே குடியிருக்க வேண்டும், நாயும் கழுதையும்தான் அவர்கள் சொத்தாக இருக்க வேண்டும் என்று மனு பத்தாம் அத்தியாயத்தில் விதிக்கிறார். அப்படி எழுதிவைத்த சமூகம் அந்த நாயையாவது நம்மிடம் நிம்மதியாக விட்டதா? மதுரைப் பக்கத்துச் சில ஊர்களில் தலித்துகள் ஆண் நாய் வளர்க்கக் கூடாது என்ற தடை இருந்ததைத் தீண்டாமை பற்றிக் கள ஆய்வு செய்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். காரணம் புரிகிறதா? சேரி ஆண் நாய் ஊர்ப் பெண் நாயோடு சேர்ந்துவிடக் கூடாது. நாய்க்கும் அகமணம்! 2010-ல் மத்தியப் பிரதேசத்தின் மொரேனா மாவட்டத்தில் ஒரு தலித் பெண் மீந்த ரொட்டியை ஒரு ஆதிக்கச் சாதிக்காரரின் நாய்க்குப் போட்டார். அவ்வளவுதான், நாய் தீட்டாகிவிட்டது. இனி அது உன்னுடைய நாய் என்று சேரியில் கொண்டுவந்து கட்டினார்கள். பஞ்சாயத்து கூடி அந்தப் பெண்ணுக்கு 15,000 ரூபாய் அபராதமும் போட்டது. நம் கை பட்டால் நாய்கூடச் சேரி ஆகிவிடும். நாய் நாக்கு பட்ட குளத்து நீர் மட்டும் தீட்டாகாது. மகாடு குளத்தில் 1927-ல் அண்ணல் தண்ணீர் அள்ளிக் குடித்தது அதைக் கேட்கத்தான். 1931-ல் பம்பாயில் காந்தியைச் சந்தித்தபோது, நாயை விடவும் பூனையை விடவும் கேவலமாக எங்களை நடத்துகிற மண்ணை என் தாய்நாடு என்று எப்படிச் சொல்வேன் என்று கேட்டதும் அதே கேள்விதான்.

விழுப்புரத்தில் 1978-ல் நம் மக்கள் பன்னிரண்டு பேரைக் கொன்றார்கள். மேல்பாதியில் 2023-ல் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன நம் பிள்ளையை அடித்தார்கள், கோயிலுக்குச் சீல் வைக்கும் நிலை வந்தது. கோயில் வாசலில் படுத்திருக்கும் நாயை எவனாவது எந்தத் தெரு என்று கேட்டிருப்பானா?

இரண்டு செய்திகளைச் சொல்லிவிட்டு முடிவுக்கு வருகிறேன்.

ஒன்று, நாட்டின நாய்கள் அழிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சிப்பிப்பாறையின் ஓட்டம் அழகுதான். குட்டி விற்றுக் கஞ்சி குடிக்கிற ஏழைகளும் இருக்கிறார்கள். அரசு 2024-ல் நாய் வளர்ப்புக் கொள்கை வெளியிட்டு, நம் வெயிலுக்கு ஒவ்வாத வெளிநாட்டு நாய்களை இனப்பெருக்கம் செய்வதைக் கட்டுப்படுத்தியது நல்ல காரியம். காது கேளாத குட்டி பிறக்காமல் பார்ப்பதும் அதில் வர வேண்டும். நாயை நாயாக வளர்க்கட்டும். குலப்பெருமையின் கொடியாக நம் தலையில் கட்ட வேண்டாம்.

இரண்டு, தெரு நாயைப் புகழ்ந்து பேசிவிட்டுப் போக நமக்கு வசதி இல்லை. நாய் அதிகம் கூடுவது குப்பை இருக்கும் இடத்தில். ஊர்க் குப்பையை எங்கே கொட்டுகிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் நம் காலனி ஓரத்தில்தான். விடியற்காலையில் அந்தக் குப்பையை அள்ளப் போகிற தூய்மைப் பணியாளரும் நம் ஆள். நாயைப் பிடிக்க வலையோடு அனுப்பப்படுவதும் நம் ஆள். கடித்தால் பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய் எதுவும் வைக்காதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். முதல் நாள் ஊசியோடு நிறுத்திவிடாமல், சீட்டில் எழுதிக் கொடுக்கும் எல்லா நாளும் போய்ப் போட்டுக்கொள்ளுங்கள். வெறிநோய் வந்துவிட்டால் காப்பாற்ற வழி கிடையாது. தடுப்பூசி, கருத்தடை, குப்பை அகற்றம் இந்த மூன்றையும் நகராட்சியிடம் கேட்டு வாங்குவது நம் உரிமை.

ஆக, மாநில நாய் வேண்டுமா? என் பதில், சாதி நாய் வேண்டாம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2013-ல் எந்த இனத்தையும் எடுக்கவில்லை. காப்பகத்திலிருந்து தத்தெடுக்கப்படும் நாயும் பூனையும்தான் எங்கள் மாநில வளர்ப்புப் பிராணிகள் என்று சட்டம் செய்தது. அந்த யோசனையைக் கொண்டுபோனவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள். குலம் கேட்காமல் வீட்டுக்குள் விடுவது என்பதையே ஒரு மாநிலம் தன் அடையாளமாக்க முடியும் என்று காட்டினார்கள். அப்படி ஒன்று வந்தால் நான் கை தூக்குகிறேன்.

அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை உண்டு. நம் பாடப்புத்தகங்களிலும் அரசு வெளியீடுகளிலும் நாளிதழ்களிலும் நாய்க்கும் பருந்துக்கும் ஒதுக்கப்பட்ட நாட்டுக்கும் நம் பெயரைச் சொல்வது நிற்க வேண்டும். எங்கே பார்த்தாலும் எழுதுங்கள், அந்தப் பக்கத்தை எடுத்து ஆசிரியருக்கு அனுப்புங்கள், பதில் வரும்வரை விடாதீர்கள். வீட்டில் பிள்ளை “ஜாதி நாய்” என்று சொன்னால் உட்கார வைத்துப் பேசுங்கள். நாய்க்குச் சாதி கிடையாது, மனிதனுக்கும் கிடையாது என்று அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.